சம்பந்தி இழுத்த வில்

எனக்கு இப்போதெல்லாம் வெளிநாட்டுப் பயணம் என்றால் தாம்பரம்தான். பிறந்தது முடிச்சூர், வாழ்க்கைப்பட்டதும் முடிச்சூர். அந்தப் பெரிய வெள்ளத்தில் வீட்டுக்குள் அலமாரி மிதந்ததைப் பார்த்த என் மகன், இனி இங்கே தனியாக இருக்க வேண்டாம் என்று அமெரிக்காவுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். என் பேச்சைத் துவைத்து இஸ்திரி போட்டு எழுதுகிறாள், போகட்டும். திட்டுகிற இடத்தில் மட்டும் கை வைக்காதே என்று சொல்லியிருக்கிறேன்.

இந்தத் தடவை நான் தாம்பரம் போனது ஒரு வில்லைக் கொண்டுபோய்ச் சேர்க்க.

அமெரிக்காவில் எங்கள் எதிர் வீட்டில் டேல் என்று ஒருவர். மான் வேட்டைக்காரர். துப்பாக்கி இல்லை, வில். அந்த ஊரில் அதற்கு அனுமதி உண்டு, சீசன் உண்டு. சீசன் வந்தால் மரத்தின் மேல் பலகை கட்டி, நாள் முழுக்கக் கொக்கு மாதிரி அசையாமல் உட்கார்ந்திருப்பார். முதல் வருஷம் கொஞ்சம் மான்கறி கொடுத்தார். மிளகு போட்டு வறுத்துத் திருப்பிக் கொடுத்தேன். கண்ணில் தண்ணீர் வழியச் சாப்பிட்டார். அடுத்த வருஷம் ஒரு தொடையையே தூக்கிக்கொண்டு வந்து நின்றார். அப்படி ஆரம்பித்த சிநேகம்.

வேட்டை என்னவோ சில நாள்தான். மிச்ச நாளெல்லாம் அவர் கார் ஷெட்டில் வில்லைச் சரி பண்ணிக்கொண்டிருப்பார். நம் கோயில் சிற்பத்தில் இருக்கிற வில் மாதிரி இல்லை இது. மேலும் கீழும் சக்கரம், நடுவில் நாண், குறி பார்க்கக் குட்டி வளையம், முடுக்க நிறைய திருகாணி. ஒரு சட்டத்தில் பேப்பரை இழுத்து ஒட்டி, பக்கத்தில் நின்று அம்பை அதன் வழியாக விடுவார். கிழிசல் மேலே நீண்டால் ஒரு திருகாணி, பக்கவாட்டில் நீண்டால் வேறொரு திருகாணி. கடைசியில் ஒரு வட்ட ஓட்டையும், மூன்று இறகுக்கு மூன்று கீறலும் விழுந்தால் வில் சரியாகிவிட்டது என்று அர்த்தம். நான் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்ப்பேன். டிவி சீரியலை விட நன்றாக இருக்கும்.

ஒருநாள் அவர் மச்சான் வந்தார். பேச்சுவாக்கில் வில்லை எடுத்து, அம்பு வைக்காமல் இழுத்து, சும்மா விட்டுவிட்டார். டேல் கத்திய கத்தலில் தெருவே திரும்பிப் பார்த்தது. என்ன சொன்னார் என்று மகனைக் கேட்டேன்.

"அம்பு இருந்தா அந்த வேகத்தை அம்பு தூக்கிட்டுப் போயிடும்மா. இல்லன்னா எல்லா வேகமும் வில்லுக்குள்ளயே எறங்கும். வெளிய தெரியாம விரிசல் வுடும். அடுத்த தடவை இழுக்கறவன் மூஞ்சில வெடிக்கும்ங்கறாரு."

பிறகு டேல் ஒரு பஞ்சை எடுத்து வில்லின் மேலும் கீழும் வளைகிற இரண்டு கையிலும் தடவினார். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் பஞ்சு நூல் மாட்டிக்கொள்ளுமாம். எதுவும் மாட்டவில்லை. அன்றைக்குச் சாயங்காலமே திட்டினவரும் திட்டு வாங்கினவரும் ஒரே தட்டில் கறி தின்றார்கள். அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் கலா செம்பாக்கத்தில் இருக்கிறாள். அவள் பெண் நிவேதா காட்டாங்குளத்தூரில் காலேஜ். வில்வித்தையில் பைத்தியம். பயிற்சியில் இருக்கிற ஒரே வில்லை நாலு பிள்ளைகள் மாற்றி மாற்றி எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட டேல், தன் பெண்சாதி வைத்திருந்த பழைய வில்லைக் கொடுத்தார். போனிலேயே நிவேதாவின் கை நீளத்தை அளந்து வாங்கி, புது நாண் போட்டு, பேப்பர் கிழித்துச் சரிபார்த்து, பெட்டியில் வைத்து என் கையில் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை மாநிலப் போட்டிக்கு ஆள் எடுக்கிறார்கள். அதற்குள் போய்ச் சேர வேண்டும். அவ்வளவுதான் என் வேலை.

விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். உடம்பெல்லாம் பச்சை இலை வரைந்த வேட்டை வில். ஆபீசர் பையன் கண்ணை விரித்தான்.

"இன்னா பாட்டி இது?"

"வில்லு."

"யார அடிக்கப் போறீங்க?"

"இதுவரைக்கும் யாரையும் இல்ல சார்."

சிரித்துக்கொண்டே அவன் விரல் நாண் பக்கம் போனது. "கைய எடு கண்ணு," என்றேன். எடுத்துவிட்டான். சர்க்கார் உத்தியோகஸ்தன், தோளில் பட்டை இருக்கிறவன், சொன்னதும் எடுத்துவிட்டான். இதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

செம்பாக்கத்துக்கு வந்த ஆட்டோக்காரரும் சும்மா வரவில்லை. "இன்னா ஆயா, வேட்டைக்கா? வண்டலூர் ஜூவுக்குள்ள எகிறிக் குதிச்சிடாத, புடிச்சி உள்ள வெச்சுடுவானுங்கோ." நான், "உன்ன மாதிரி ரெண்டு ரூட்டு சுத்தினு வர்றவன அடிக்கத்தான் எட்தாந்தேன்," என்றேன். ஏரிப் பக்கம் ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கி, நானும் இறங்கித் தள்ளினேன். பெட்டியை மட்டும் சீட்டை விட்டு இறக்கவில்லை. சேறு எனக்கு, வில் சுத்தம்.

நிவேதா பெட்டியைத் திறந்து, சக்கரத்தையும் வளையத்தையும் தடவித் தடவிப் பார்த்தாள். பிறகு என் கன்னத்தைப் பிடித்து, "பாட்டி, நீ செம பாட்டி," என்றாள். அதற்காக இன்னும் நாலு பள்ளம் தள்ளலாம்.

அது செவ்வாய். அநியாயம் நடந்தது புதன்கிழமை.

சம்பந்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கலாவின் மாமனார். ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். நல்ல உயரம், இன்னும் தினம் காலையில் ஏரிக்கரையில் வேகமாக நடக்கிறவர். இளைய மகன் வீட்டில் பக்கத்துத் தெருவில் இருக்கிறார். நடை முடிந்து பேப்பர் படிப்பதும் டிபன் சாப்பிடுவதும் கலா வீட்டில். அவர் படிப்பதற்கு முன் அந்தப் பேப்பரை யாரும் பிரிக்கக் கூடாது. கலா கல்யாணத்தில் பாயசம் பக்கத்து இலைக்கு முதலில் போய்விட்டது என்று பந்தியிலிருந்து எழுந்து போனவர். இருபது வருஷமாகிறது. அந்தப் பாயசம் எங்கள் வீட்டில் இன்னும் ஆறவில்லை.

நிவேதா காலேஜுக்குப் போயிருந்தாள். வில் ஹாலில் மேஜை மேல் இருந்தது. சம்பந்தி வந்தார், பார்த்தார், எடுத்தார்.

"இதானா அமெரிக்கா வில்லு? நான் ஸ்கூல் நாடகத்துல மூங்கில் வில்லு புடிச்சிருக்கேன் சம்பந்தியம்மா. அது ஒரு காலம்."

நான் வாயைத் திறந்தேன். இட்லித் தட்டோடு நின்ற கலா, தன் காலால் என் காலை மிதித்தாள். வாய் மூடிக்கொண்டது. அவர் மூன்று விரலால் நாணைப் பிடித்து இழுத்தார். சக்கரம் இரண்டும் அழகாகச் சுற்றின. ஒரு கண்ணை மூடி, சுவரில் காலண்டரைக் குறி பார்த்து, விட்டார்.

காற்றில் கதவு அறைந்த மாதிரி ஒரு சத்தம். வில் உடையவில்லை. அப்படியே இருந்தது. உடைந்திருந்தாலாவது யாரும் மறுபடி எடுக்க மாட்டார்கள்.

"நல்ல சாமான்," என்று மேஜையில் வைத்தார். "கலா, கெட்டிச் சட்னி இருக்காம்மா?"

இருந்தது. ஆறு இட்லி சாப்பிட்டார். நானே பரிமாறினேன். எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கரண்டி வளையாமல் இருந்தது ஆச்சரியம்.

அவர் போனதும் சமையலறையில் கலாவைப் பிடித்துக்கொண்டேன்.

"அது உள்ள வெடிச்சிருக்கும்டி. புள்ள மூஞ்சில அடிச்சா கண்ணு போயிடும்."

"பாத்தா நல்லாதானேம்மா இருக்கு?"

"பாத்தா தெரியாதுடி. அதான் பேஜாரு. நிவேதா கிட்ட சொல்லிடலாம்."

"அவ நேரா தாத்தாகிட்டப் போய்க் கேப்பா. அவ வாய் உன் வாய். அவரு எழுந்து போயிடுவாரு. நீ ஏரோப்ளேன் ஏறிடுவ. இன்னும் இருபது வருஷம் நான் கேக்கணும்."

அதில் ஒரு நியாயம் இருந்தது. அது எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. யோசித்துப் பாருங்கள். அங்கே ஒருவர் மச்சானைத் தெரு கேட்கத் திட்டினார், கறி தின்றார், முடிந்தது. இங்கே பிள்ளையின் கண் ஒரு பக்கம், மாமனாரின் டிபன் ஒரு பக்கம். தராசு எந்தப் பக்கம் சாய்கிறது என்று யோசிக்க ஒரு வீடே கூடி நிற்கிறது. அதிலும் நான் பெண் கொடுத்தவள், பெண் வீட்டில் வந்து தங்கியிருக்கிறவள். என் வாய்க்கு அங்கே பாதி விலைதான்.

நிவேதா வில்லைத் தொடாமல் இருக்க வேண்டும். கையில் கட்டிக்கொண்டு நாணை இழுக்க ரிலீஸ் என்று ஒரு கொக்கி உண்டு. அதை எடுத்து அரிசி டின்னில் போட்டு மூடினேன். அன்று சாயங்காலம் அவள் வீட்டைப் புரட்டினாள்.

"பாட்டி, என் ரிலீஸ் பாத்தியா?"

"எனக்கின்னா தெரியும் அதெல்லாம்."

பயிற்சி போச்சு. வியாழக்கிழமை பிள்ளை முகம் சுண்டிப் போய், கூடப் பயிற்சி எடுக்கிற பிள்ளையிடம் கொக்கியைக் கடன் வாங்குகிறேன் என்று செருப்பை மாட்டினாள். இனி தாங்காது என்று தெரிந்தது. சம்பந்தி ஹாலில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். நான் நடுஹாலில் போய் நின்றேன்.

"நிவேதா, அந்த வில்ல இழுக்காத. நேத்து நான் அம்பு இல்லாம இழுத்து வுட்டுட்டேன்."

கலாவின் கையிலிருந்த முறம் நின்றது. நிவேதா என்னை மேலும் கீழும் பார்த்தாள். உள்ளே போய் வில்லை எடுத்து வந்து என் கையில் வைத்தாள்.

"இழு பாட்டி, பாப்போம். வுடாத, இழு மட்டும்."

நானும் இழுத்தேன். பல்லைக் கடித்து இழுத்தேன். நாண் அரை விரல் கூட அசையவில்லை. நாற்பது பவுண்டு இழுவை. நான் இழுத்ததெல்லாம் கிணற்றுக் கயிறு. அது இறங்கி வரும். இது வரவில்லை. நிவேதா அம்மாவைப் பார்த்தாள். அம்மா முறத்தைப் பார்த்தாள். நிவேதா மெதுவாகத் திரும்பித் தாத்தாவின் நீளமான கையைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. என் வாய்தான், ஆனால் அன்றைக்கு அவளும் மூடிக்கொண்டாள். ஒரு வீட்டில் ஒரே நாளில் மூன்று பெண்கள் வாயை மூடிக்கொண்டோம்.

வாயைத் திறந்தது அவர்தான். டிவி சத்தத்தைக் குறைத்து, "வயசான காலத்துல உங்களுக்கு எதுக்கு சம்பந்தியம்மா இந்த வேலையெல்லாம்? ஒண்ணு தெரியலன்னா தொடக் கூடாது," என்றார்.

தொடக் கூடாதாம். மருமகள் இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டுச் சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்போதும் வரவில்லை. முந்தின நாள் அவர் செய்ததை அவர் நிஜமாகவே மறந்திருந்தார். அவருக்கு அது ஒரு சம்பவமே இல்லை. இட்லிக்கு முன்னால் கொஞ்சம் கை நீட்டினார், அவ்வளவுதான். நான்தான் எல்லாவற்றையும் நினைவில் சுமந்துகொண்டு நின்றேன்.

சாமி மாடத்தில் விளக்குத் திரிக்கு வைத்திருந்த பஞ்சை எடுத்து வந்தேன். நிவேதா அதை வாங்கி வில்லின் மேல்கையில் மெதுவாகத் தடவினாள். ஒன்றுமில்லை. கீழ்க்கையில் தடவினாள். சக்கரத்துக்குப் பக்கத்தில், வரைந்திருந்த ஒரு பச்சை இலையின் காம்பில், வெள்ளையாக ஒரு நூல் மாட்டிக்கொண்டு நின்றது. அவள் எதுவும் சொல்லாமல் வில்லைப் பெட்டியில் வைத்து மூடினாள். அப்புறம் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதாள். கண் தப்பியது. ஞாயிற்றுக்கிழமை போச்சு.

வெள்ளிக்கிழமை அவளுடைய கோச்சிடம் போனோம். செல்வின் சார், மேற்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்து பி.டி. மாஸ்டர். பெட்டியைத் திறந்து விரிசலைத் தடவிப் பார்த்ததும், "எந்த மடையன் அம்பு இல்லாம விட்டான்?" என்றார். அந்த மனிதரை எனக்கு அப்போதே பிடித்துப் போயிற்று. நிவேதா, "பாட்டிதான் சார்," என்றாள். அவர் என் கையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். "சரி, பாட்டிதான்," என்று பெருமூச்சு விட்டார். அவருக்கும் சம்பந்தி இருப்பார் போல.

தன் தோள்பட்டை போனதிலிருந்து வீட்டுச் சுவரில் சும்மா தொங்கும் தன் சொந்த வில்லை எடுத்துக் கொடுத்தார். பெரிய கைக்கு வைத்த வில். சக்கரத்தில் ஒரு துண்டை இடம் மாற்றிப் பூட்டி நிவேதாவின் கைக்குக் குறைத்தார். அதற்குள் இருட்டிவிட்டது. வருகிற வழியில் ஒரு கேன்டீனில் வடை கேட்டால் பப்ஸ்தான் இருக்கு என்றார்கள். வடை இல்லாத கேன்டீனை யார் திறக்கச் சொன்னார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் வந்தேன்.

சனிக்கிழமை காலை செல்வின் சாரே வீட்டுக்கு வந்தார். பக்கத்துக் காலி மனையில் மண்மூட்டை அடுக்கி, முன்னால் ஒரு பழைய போட்டோ சட்டத்தை நிறுத்தினார். "பேப்பர் வேணும், நிறைய," என்றார். கலா பழைய பேப்பரையெல்லாம் முந்தின வாரம்தான் கடைக்குப் போட்டிருந்தாள். வீட்டில் இருந்தது ஒன்றே ஒன்று. அன்றைய பேப்பர். மடிப்புப் பிரியாமல், சம்பந்திக்காக, டீப்பாய் மேல்.

கலா என்னைப் பார்த்தாள். என் காலை மிதிக்க அவள் வருவதற்குள் நான் எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

முதல் அம்பு பேப்பரைப் பக்கவாட்டில் கிழித்தது. அம்பு இந்த வில்லின் வேகத்துக்கு ஒத்துவரவில்லை என்றார் சார். திருகாணியை அரைச் சுற்றுத் தளர்த்தினார். அடுத்தது கொஞ்சம் சின்னக் கிழிசல். இன்னொரு பக்கம், இன்னொரு அரைச் சுற்று. தலைப்புச் செய்தி போச்சு, சினிமா போச்சு, ராசிபலன் போச்சு. சம்பந்தி நடையை முடித்துக்கொண்டு வந்தபோது விளையாட்டுப் பக்கம் சட்டத்தில் இருந்தது.

"இது இன்னைக்குப் பேப்பரா?" என்றார்.

"ஆமா சம்பந்தி. ஓட்டை இல்லாத எடமாப் பாத்துப் படிங்க."

அடுத்த அம்பு போனது. வட்டமாக ஒரு ஓட்டை, மூன்று கீறல். நிவேதா குதித்தாள். சம்பந்தி கோபித்துக்கொண்டு போகவில்லை. கிழிந்த தாள்களைப் பொறுக்கி மடித்து வைத்துக்கொண்டு இட்லிக்கு உட்கார்ந்தார். கலா என்னோடு மத்தியானம் வரை பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ரயிலில் போகலாம் என்று ஸ்டேஷனுக்கு வந்தால், ஞாயிற்றுக்கிழமை என்பதால் வண்டியே காணோம். ஷேர் ஆட்டோவில் வில்லுக்கு ஒரு ஆள் இடம் பிடித்துக்கொண்டு போனோம். "ஏன்க்கா, அதுக்கும் டிக்கெட்டு எடுத்தியா?" என்று ஒரு பூக்காரம்மா கேட்டாள். எடுத்தேன், கால் நீட்டித் தூங்கட்டும் என்றேன். காட்டாங்குளத்தூர் மைதானத்தில் பிள்ளைகளும் அப்பா அம்மாக்களும் நிறைந்திருந்தார்கள். சம்பந்தி இளைய மகன் காரில் முன்னாடியே வந்து, வெள்ளைச் சட்டையில், நாலு அப்பாக்களுக்கு நடுவில் நின்றிருந்தார்.

முதல் பாதி முடிந்தது. நிவேதா நல்லபடியாக அடித்திருந்தாள். வில்லை ஸ்டாண்டில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். நான் நிழலில் உட்கார்ந்து புளியோதரை பிரித்தேன். சம்பந்தியின் குரல் கேட்டது. ஹெட்மாஸ்டர் குரல், மைதானம் தாண்டிக் கேட்கும்.

"இது ரொம்ப நுட்பமான சாமான் சார். அம்பு இல்லாம நாண விடவே கூடாது. எங்க சம்பந்தியம்மா தெரியாம விட்டுட்டாங்க. அமெரிக்காலேந்து வந்த வில்லு, போச்சு. பாவம், படிக்காதவங்க."

நாலு அப்பாக்களும் திரும்பி என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். என் கையில் புளியோதரை உருண்டை அப்படியே நின்றது.

"எப்படின்னா," என்று சம்பந்தி ஸ்டாண்டிலிருந்து வில்லை எடுத்தார். "இப்படிப் புடிச்சு, இப்படி இழுத்து..."

இழுத்துவிட்டார். சக்கரம் சுற்றிவிட்டது. நாண் அவர் கன்னத்தில். வில்லில் அம்பு இல்லை. இந்த ஒரு வில்தான் நிவேதாவுக்கு.

பெண் கொடுத்தவள் என்பது எனக்கு மறந்துபோயிற்று. பாயசம் மறந்துபோயிற்று.

"சம்பந்தி, நாண வுட்டீங்கன்னா கைய ஒடிச்சிடுவேன்."

தூரத்தில் இருந்த நடுவர்கூடத் திரும்பிப் பார்த்தார். சம்பந்தி அப்படியே நின்றார். விடவும் முடியவில்லை, திரும்ப எடுத்து வரவும் தெரியவில்லை. முழங்கை நடுங்க ஆரம்பித்தது. நெற்றியில் வியர்வை. "என்ன பண்ணணும்?" என்றார், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி.

செல்வின் சார் ஓடி வந்து பின்னாலிருந்து அவர் கை மேல் தன் கையை வைத்தார். "விடாதீங்க சார். புடிச்சிட்டே முன்னாடி போங்க. மெதுவா. இப்ப திடீர்னு இழுக்கும், பயப்படாதீங்க." வில் அவரை ஒரு அடி முன்னால் இழுத்துக்கொண்டு போனது. நாண் பழைய இடத்துக்கு வந்து சேர்ந்தது. நிவேதா தண்ணீர் பாட்டிலோடு நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பஞ்சு தேவைப்படவில்லை. வில்லை வாங்கிக்கொண்டு அம்பு விடுகிற கோட்டுக்குப் போய்விட்டாள்.

சம்பந்தி என் பக்கத்தில் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். தன் மூன்று விரலையும் தேய்த்துப் பார்த்தார். நாண் பதிந்த கோடு சிவப்பாக இருந்தது.

"அன்னைக்கு நான்தான் விட்டேன், இல்ல?"

"ஆமா."

"ஏன் சம்பந்தியம்மா அப்பவே சொல்லல?"

கேட்டாரே ஒரு கேள்வி. நாலு நாள் நான் வயிற்றில் கட்டிக்கொண்டு திரிந்ததை, ஏன் சொல்லல என்று ஒரு வார்த்தையில் கேட்டுவிட்டார். கலா தூரத்திலிருந்து, வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினாள்.

"சொல்லியிருந்தா நீங்க இட்லி துன்னுருக்க மாட்டீங்க," என்றேன்.

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பாயசம் ஞாபகம் வந்திருக்க வேண்டும், சொல்லவில்லை. நான் புளியோதரை இலையை நீட்டினேன். கோபித்துக்கொண்டு போகிறாரா, பார்க்கலாம் என்றுதான் நீட்டினேன். எடுத்துக்கொண்டார்.

சாயங்காலம் பட்டியல் படித்தார்கள். கடைசிப் பெயர் நிவேதா. கடைசியானால் என்ன, பட்டியலில் இருக்கிறது. எல்லோரும் அவளைச் சுற்றிக்கொண்டோம். வில் ஸ்டாண்டில் தனியாக இருந்தது. காலையில் என்னைப் பாவமாகப் பார்த்த அந்த அப்பாக்களில் ஒருவர், போட்டோ எடுக்க என்று நினைக்கிறேன், அதன் நாண் பக்கம் கை நீட்டினார். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் சம்பந்தி திறந்துவிட்டார்.

"கைய எடுங்க சார்."

புதன்கிழமை நான் போட்டிருக்க வேண்டிய அதட்டல். அந்த மனிதர் முகம் சிவந்து, "என்ன சார், மரியாதையா பேசுங்க," என்று பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று போனார். கலா பதறிப்போய், "ஐயோ, கோவிச்சுக்கிட்டுப் போறாரே மாமா," என்றாள்.

"போகட்டும் விடும்மா," என்றார் சம்பந்தி. "அவரு நமக்கென்ன, சம்பந்தியா?"